ரோட்டரி டேபிளில் பேக்லாஷ்: எக்சென்ட்ரிக்கைத் தொடுவதற்கு முன்னால்

வேலைப்பொருளைக் கோணக் கணக்கில் திருப்பிக் கொடுக்கும் ரோட்டரி டேபிளின் ஹேண்டிலைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிப் பார்த்துவிட்டு "பேக்லாஷ் ஏறிப்போச்சு" (கியர் பற்களுக்கு நடுவிலுள்ள வெற்று ஆட்டம்) என்று சொல்வது மெஷின் ஷாப்பில் எல்லோருக்கும் பழக்கம். அடுத்த நிமிஷமே ஒருவர் ஆலன் கீயை எடுத்து வார்ம், அதாவது டேபிளைச் சுழற்றும் திருகு வடிவ கியர், இருக்கும் ஹவுசிங்கின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தத் தொடங்கிவிடுவார். ஹேண்டிலில் தெரிகிற ஆட்டம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. ஹேண்டில் சாவி, வார்ம் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம், டேபிளின் நடு பேரிங், கடைசியாக வார்மும் அது சுழற்றும் பல் சக்கரமான வார்ம் வீலும் கவ்வுகிற இடம் என்று நாலும் சேர்ந்த மொத்தம்தான் நம் கைக்குத் தெரிகிறது. வார்மை வீலை நோக்கி நகர்த்தும் எக்சென்ட்ரிக் ஸ்லீவைத் திருப்பினால் கடைசியாகச் சொன்னது மட்டும்தான் குறையும். மற்ற மூன்றையும் சேர்த்து அதிலேயே சரிக்கட்டப் பார்த்தால் வார்ம் வீலைத்தான் தேய்ப்போம்.

என் கைக்கு வந்த 250 மி.மீ. டேபிள் அந்த நிலையில்தான் இருந்தது. 90:1 விகிதம், அதாவது ஹேண்டில் ஒரு முழுச்சுற்று சுற்றினால் டேபிள் 4 டிகிரி திரும்பும். எனக்கு முன்னால் அதில் வேலை பார்த்தவர்கள் ஆட்டம் தெரியும் போதெல்லாம் வார்மை வீலுக்குள் தள்ளித் தள்ளி இறுக்கியிருந்தார்கள். விளைவு, ஒரு கால்வட்டத்தில் ஹேண்டில் கல் மாதிரி கனத்தது, எதிர்ப்பக்கம் போனால் கடகடவென்று ஆடியது. வளைவுகளை மில்லிங் செய்தால் மேற்பரப்பில் வரிவரியாக அதிர்வுக் கோடு. "இது தேஞ்சு போச்சு தம்பி, வேற வாங்கச் சொல்லு" என்றார் எங்கள் மூத்த மெஷினிஸ்ட் அண்ணன். "பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன் அண்ணே" என்று அப்போதைக்கு நிறுத்தி வைத்தேன்.

பிரிப்பதற்கு முன்னால் அளவெடுக்க வேண்டும். கை உணர்வை நம்பி இந்த வேலையில் இறங்கக் கூடாது. எனக்குப் பிடித்த முறை எளியது. டி-ஸ்லாட்டில் ஒரு சதுரக் கட்டையைப் போல்ட் போட்டு இறுக்கி, டேபிள் மையத்திலிருந்து சரியாக 100 மி.மீ. தூரத்தில் அதன் முகத்தில் டயல் கேஜின் முனை படும்படி வைப்பேன். மேக்னடிக் ஸ்டாண்ட் மில்லிங் மெஷின் பெட்டில் நிற்க வேண்டும், ரோட்டரி டேபிள் மேல் நிற்கக் கூடாது. டேபிள் கிளாம்ப் முழுக்கத் தளர்ந்திருக்க வேண்டும். ஹேண்டிலை யாராவது அசையாமல் பிடித்துக்கொள்ள, டேபிளின் விளிம்பைக் கையால் மெதுவாக இருபுறமும் தள்ளிப் பார்த்தால் டயல் முள் எவ்வளவு போய்வருகிறது என்று தெரியும்.

100 மி.மீ. ஆரத்துக்குக் காரணம் இருக்கிறது. அந்தத் தூரத்தில் 1 நிமிடக் கோணம் (டிகிரியில் 60ல் ஒரு பங்கு) என்பது 0.029 மி.மீ. டயலில் 0.01 மி.மீ. கோடு ஒன்று நகர்ந்தால் ஏறக்குறைய 20 விநாடிக் கோணம். மனக்கணக்காகவே போட்டுவிடலாம். ஹேண்டில் பக்கம் பார்த்தால், 90:1 டேபிளில் ஒரு சுற்று 240 நிமிடம். ஆகவே டேபிளின் 1 நிமிட ஆட்டம் ஹேண்டிலில் 1.5 டிகிரியாகத் தெரியும். ஹேண்டில் 10 டிகிரி சும்மா ஆடுகிறதே என்று பதறுகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம். டேபிளில் அது 7 நிமிடத்துக்குக் கீழேதான். அதற்காக 7 நிமிடம் நல்லது என்று சொல்லவில்லை. 50 மி.மீ. ஆரத்தில் வேலை செய்தாலே அது 0.1 மி.மீ. அளவுக்கு வரும்.

முதலில் ஹேண்டில். ஷாஃப்டில் ஹேண்டிலைப் பிடித்திருக்கும் சாவி தேய்ந்திருந்தால், ஷாஃப்ட் நிற்கும்போதே ஹேண்டில் கொஞ்சம் ஆடும். ஷாஃப்ட் முனையிலும் ஹேண்டில் முகப்பிலும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போட்டு ஆட்டிப் பார்த்தால் கோடு உடைகிறதா என்று கண்ணுக்கே தெரியும். இது கியர் சம்பந்தப்பட்டதே இல்லை. புது சாவி ஒன்று ஃபைல் போட்டுச் செருகினால் தீர்ந்தது.

அடுத்து வார்ம் ஷாஃப்டின் முன்பின் ஆட்டம். என் அனுபவத்தில் பேக்லாஷ் என்ற பெயரில் வருகிற புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் ஒளிந்திருக்கிறது. வார்ம் என்பது நீளவாக்கில் நகர்ந்தால் ஒரு ராக் (நேரான பல் சட்டம்) போல வீலைத் தள்ளிவிடும். வார்ம் வீலின் பிட்ச் ஆரம் (பற்கள் கவ்வும் வட்டத்தின் ஆரம்) 70 மி.மீ. என்று வைத்துக்கொண்டால், ஷாஃப்ட் 0.03 மி.மீ. முன்பின் ஆடினால் போதும், டேபிள் கிட்டத்தட்ட ஒன்றரை நிமிடம் திரும்பும். பற்கள் எவ்வளவு நெருக்கமாகக் கவ்வியிருந்தாலும் இந்த ஆட்டம் போகாது. கண்டுபிடிக்க, டயல் முனையை ஷாஃப்டின் முனை முகத்தில் நேராக வைத்து டேபிளை இருபுறமும் தள்ள வேண்டும். முள் நகர்ந்தால் குற்றவாளி கிடைத்தாயிற்று. என் டேபிளில் முள் 5 கோடு போய்வந்தது. பற்களை இறுக்கி இறுக்கி அலுத்துப்போனவர்கள் இந்த ஒரு சோதனையைச் செய்து பார்த்திருந்தால் வீல் பிழைத்திருக்கும்.

சரிசெய்யும் இடம் பெரும்பாலும் அளவுக்கோடு போட்ட காலருக்குப் பின்னால் இருக்கும். த்ரஸ்ட் வாஷரையோ த்ரஸ்ட் பேரிங்கையோ அழுத்துகிற ஒரு மரை வளையம், அதைப் பூட்ட ஒரு லாக் நட் அல்லது கிரப் ஸ்க்ரூ. வளையத்தை இறுக்கி ஆட்டத்தைப் பூஜ்யமாக்கிவிட்டு லாக் நட்டைப் போட்டால் ஷாஃப்ட் கனத்துப்போகும். காரணம், லாக் நட் வளையத்தைப் பின்னாலிருந்து தள்ளும்போது மரையில் உள்ள சிறு இடைவெளி பேரிங் பக்கமாக நகர்ந்துவிடுகிறது. அதனால் வளையத்தை ஒரு மயிரிழை தளர்வாக நிறுத்தி, லாக் நட் இறுகும்போது அந்த இழை போகும்படி விட வேண்டும். ஒரே தடவையில் அமையாது. இறுக்குவது, டயல் பார்ப்பது, தளர்த்துவது என்று பொறுமையாகப் போக வேண்டும். கிரப் ஸ்க்ரூ மரை மேல் நேராக உட்காரும் அமைப்பாக இருந்தால் அடியில் ஒரு சின்ன பித்தளைத் துண்டைப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை கழற்றும்போது மரை நசுங்கி வளையமே வராது. த்ரஸ்ட் வாஷர்களில் பிசிறோ சிப்ஸோ ஒட்டியிருந்தால் எந்தச் செட்டிங்கும் நிற்காது என்பதால், அவற்றைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவி முகங்களை ஆயில் ஸ்டோனில் லேசாக ஒரு இழுப்பு இழுத்துவிட்டுத்தான் திரும்பப் போட்டேன்.

மூன்றாவது, டேபிளின் நடு பேரிங். இதை யாரும் பார்ப்பதில்லை. டேபிளே பக்கவாட்டில் கொஞ்சம் ஆடினால் வார்முக்கும் வீலுக்கும் நடுவிலுள்ள மையத் தூரம் லோடுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும்; அப்புறம் பேக்லாஷ் என்ற ஒரு எண்ணே கிடையாது, ஒவ்வொரு தடவையும் ஒரு எண் வரும். டயலை டேபிளின் பக்கவாட்டு விளிம்பில் வைத்து, வார்ம் இருக்கும் திசையில் இழுத்தும் தள்ளியும் பார்க்க வேண்டும். பிறகு டயலை மேல் முகத்துக்கு மாற்றி, ஒரு மரக்கட்டையால் விளிம்பை நெம்பித் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் டேபிளைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியில் உள்ள பெரிய நட்டைச் சி-ஸ்பேனரால் இறுக்குவதுதான் வழி. இங்கேயும் அளவு தேவை. டேப்பர் பேரிங் அமைப்பாக இருந்தால் நட்டைக் கொஞ்சம் கூடுதலாக இறுக்கினாலே எண்ணெய்ப் படலம் போய் டேபிள் கனத்துவிடும். வார்மை விலக்கிவிட்டு, இரண்டு விரலால் டேபிளைச் சுற்ற முடிகிறதா என்பதுதான் நான் வைத்திருக்கும் சோதனை. எங்கேயும் பிடிக்காமல், தூக்கினால் ஆடாமல் சுற்ற வேண்டும்.

இதெல்லாம் முடிந்த பிறகுதான் எக்சென்ட்ரிக்.

வார்ம் ஷாஃப்ட் ஒரு ஸ்லீவுக்குள் இருக்கிறது. ஸ்லீவின் வெளி வட்டத்துக்கும் உள் துளைக்கும் மையம் ஒன்றல்ல. ஸ்லீவைத் திருப்பினால் வார்ம் வீலை நெருங்கும் அல்லது விலகும். இன்டெக்ஸிங் (குறித்த கோணத்துக்குத் திருப்பி நிறுத்துவது) சீக்கிரம் ஆக வேண்டும் என்று வார்மை முழுக்க விலக்கிவிட்டு டேபிளைக் கையால் சுற்றுவதற்கும் இதே அமைப்புதான். பல டேபிள்களில் ஸ்லீவ் எவ்வளவு தூரம் உள்ளே போகலாம் என்று தடுக்க ஒரு ஸ்டாப் ஸ்க்ரூ இருக்கும். நம் செட்டிங் உண்மையில் அந்த ஸ்டாப் ஸ்க்ரூவில்தான் நிற்க வேண்டும். அதைச் சரியாக வைத்துவிட்டால் எத்தனை முறை விலக்கிச் சேர்த்தாலும் வார்ம் அதே இடத்துக்கு வந்து உட்காரும்.

செட் பண்ணுவதற்கு முன் ஒரு முழுச் சுற்றின் கதை தெரிய வேண்டும். வார்மைத் தளர்வான ஒரு நிலையில் பூட்டிவிட்டு, 45 டிகிரிக்கு ஒன்றாக 8 இடங்களில் பேக்லாஷை அளந்து சாக்பீஸால் டேபிள் மேலேயே எழுதினேன். ஓரிடத்தில் 0.03, எதிர்ப்பக்கத்தில் 0.07 என்று வந்தது. வீல் பற்கள் டேபிள் மையத்துக்கு நூற்றுக்கு நூறு ஒத்த மையத்தில் இருப்பதில்லை. ஒரு பக்கம் வார்மை நெருங்கும், எதிர்ப்பக்கம் விலகும். மையத் தூரம் 0.02 மி.மீ. மாறினால், 20 டிகிரி அழுத்தக் கோணமுள்ள (பல் முகத்தின் சாய்வு) பற்களில் பேக்லாஷ் பல் வட்டத்தில் சுமார் 0.015 மி.மீ. மாறும். 70 மி.மீ. ஆரத்தில் அது ஏறக்குறைய 40 விநாடிக் கோணம். இதோடு தேய்மானமும் சேரும். எந்த ஷாப்பிலும் வேலை பூஜ்யத்திலிருந்து தொடங்கி 90 டிகிரிக்குள் முடிவதுதான் அதிகம். அந்தக் கால்வட்டத்துப் பற்கள் மற்றவற்றைவிடச் சீக்கிரம் தேயும்.

ஆகவே மிக இறுக்கமான இடம் எது என்று முதலில் பார்த்து, டேபிளை அங்கே நிறுத்தி, அங்கேதான் செட் பண்ண வேண்டும். தளர்ந்த இடத்தில் நின்று ஆட்டத்தைப் போக்கினால், சுற்றி வரும்போது இறுக்கமான இடத்தில் வார்ம் பல்லுக்குள் ஆப்பு மாதிரி இறங்கும். வீல் பாஸ்பர் பிரான்ஸோ வார்ப்பிரும்போ, வார்ம் கடினப்படுத்திய எஃகு. எது தோற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பூட்டு ஸ்க்ரூக்களைச் சற்றே தளர்த்தி, ஸ்லீவை உள்ளே திருப்பும்போது டேபிளை மறுகையால் லேசாக ஆட்டிக்கொண்டே இருங்கள். பல்லின் உச்சி உச்சியோடு மோதி நின்றால் "சேர்ந்துவிட்டது" என்று கை ஏமாந்துவிடும். ஆட்டினால் பல் தானாகப் பள்ளத்துக்குள் விழும். பல்லின் இரு முகமும் தொட்டு ஆட்டம் முற்றிலும் நின்ற நிலையிலிருந்து கொஞ்சம் பின்வாங்கி, 100 மி.மீ. ஆரத்தில் டயல் 1 முதல் 2 கோடு காட்டுமாறு நிறுத்துகிறேன். கோணத்தில் 20 முதல் 40 விநாடி. இறுக்கமான இடத்தில் இதற்குக் கீழே போக நான் ஒப்புக்கொள்வதில்லை. பற்களுக்கு நடுவே எண்ணெய் நிற்க இடம் வேண்டும். பூட்டு ஸ்க்ரூக்களை இறுக்கியதும் மறுபடி அளக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்லீவ் துளியாவது நகராமல் இருக்காது. பிறகு ஹேண்டிலை 90 சுற்றும் சுற்றிப் பார்க்க வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் எங்கே கனக்கிறது என்று கை சொல்லுமே தவிர டயல் சொல்லாது.

எக்சென்ட்ரிக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. ஸ்லீவ் திரும்பும்போது வார்ம் வீலை நோக்கி மட்டும் போவதில்லை; கொஞ்சம் மேலேயோ கீழேயோ ஏறி இறங்கவும் செய்யும். வீல் பற்கள் வார்மைத் தழுவும்படி குழிவாக வெட்டப்பட்டிருந்தால், வார்ம் நடுவிலிருந்து விலகும்போது பல்லின் நடுப்பகுதி தொடாமல் ஓரம் மட்டும் தொடும். பார்க்க வேண்டுமானால் வார்மில் பிரஷ்யன் ப்ளூ என்ற நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசிச் சுற்றிவிட்டு, டேபிளைக் கழற்றி வீல் பற்களில் நீலம் எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்கலாம். நடுவில் பரவியிருந்தால் நிம்மதி. ஒரு விளிம்பில் மட்டும் கோடாக இருந்தால், இவ்வளவு இறுக்கினால் நல்ல பல்லும் ஓரத்தில் தேயும் என்று அர்த்தம். பழைய, மிகவும் தேய்ந்த டேபிளில் ஸ்லீவ் வழக்கத்தைவிட அதிகம் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால் அங்கே இந்தச் சோதனையைத் தவிர்க்க வேண்டாம்.

லாப்பிங் பேஸ்ட் போட்டுச் சுற்றவிட்டால் வார்மும் வீலும் ஒன்றுக்கொன்று பழகிவிடும் என்ற யோசனையையும் ஒருவர் சொன்னார். வேண்டவே வேண்டாம். அரைக்கும் துகள் மிருதுவான பாஸ்பர் பிரான்ஸில் பதிந்துகொண்டு, கழுவினாலும் போகாமல், அதற்குப் பிறகு வார்மைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். எண்ணெயிலும் கவனம் தேவை. சில கியர் எண்ணெய்களில் உள்ள வீரியமான கந்தகச் சேர்க்கை செப்புக் கலவை உலோகங்களை அரிக்கும். தயாரித்தவர் சொன்ன எண்ணெய் தெரியாவிட்டால், செம்பு, வெண்கலத்துக்குப் பாதுகாப்பானது என்று போட்டிருப்பதை எடுப்பது நல்லது.

இவ்வளவும் செய்த பிறகும் கொஞ்சம் பேக்லாஷ் இருக்கத்தான் செய்யும், அதனால் அளவு கெடாது. இன்டெக்ஸிங்கில் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நின்றால் பற்கள் எப்போதும் அதே முகத்தில் சாய்ந்திருக்கும். பேக்லாஷ் கணக்கிலேயே வராது. கோட்டைத் தாண்டிவிட்டால் பின்னால் போய் அந்தக் கோட்டில் நிறுத்தக் கூடாது. கால் சுற்றாவது கூடுதலாகப் பின்வாங்கி மறுபடி முன்னால் வர வேண்டும். துளை வட்டங்கள் உள்ள டிவைடிங் பிளேட்டில் துளையைத் தாண்டினாலும் இதேதான். பிறகு கிளாம்ப். கிளாம்ப் இறுகும்போது டேபிள் நகர்கிறதா என்று டயல் வைத்து ஒரு தடவையாவது பார்த்துவிடுங்கள். என் டேபிளில் ஒரு கிளாம்ப்பை மட்டும் முழு பலத்தோடு இறுக்கினால் அரைக் கோடு நகரும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் நகராது.

வளைவு வெட்டும்போதுதான் பேக்லாஷ் நிஜமாகக் கடிக்கும். கட்டர் வேலையைத் தன் பக்கம் இழுக்கிற திசையில் ஹேண்டிலைச் சுற்றினால், பற்களுக்கு நடுவிலிருக்கும் இடைவெளி முழுவதையும் டேபிள் ஒரே துள்ளலில் தாண்டும். மேலிருந்து பார்க்கும்போது வலப்புறம் சுற்றும் சாதாரண எண்ட் மில்லுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் விதி இது: வெளி வளைவை வெட்டும்போது டேபிளும் கட்டர் சுற்றும் பக்கமே சுற்ற வேண்டும், உள் வளைவுக்கு எதிர்ப்பக்கம். அப்போது வெட்டும் விசை நம் சுற்றுக்கு எதிராக நின்று பற்களை ஒரே முகத்தில் அழுத்திக்கொண்டிருக்கும். கிளாம்ப்பையும் முழுக்கத் தளர்த்தாமல், ஹேண்டில் கொஞ்சம் இழுவையோடு சுற்றும்படி வைப்பேன். வேலையின் ஆரம் வார்ம் வீலின் ஆரத்தைவிடப் பெரிதாக இருந்தால் நெம்புகோல் கட்டர் பக்கம் சாதகமாக இருக்கும். அப்போது வெட்டின் ஆழத்தைக் குறைப்பதைத் தவிர வேறு தந்திரம் இல்லை.

கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. நான்காம் அச்சு டேபிள்களில் வேறு ஏற்பாடு. பலவற்றில் வார்ம் மரையின் இரண்டு பக்கங்களுக்கும் லீட் (ஒரு சுற்றுக்கு மரை முன்னேறும் தூரம்) சற்று வேறாக இருக்கும். அதனால் வார்ம் பல்லின் கனம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் படிப்படியாகக் கூடும். வார்மை நீளவாக்கில் ஷிம் (மெல்லிய தகடு) மாற்றி நகர்த்தினால் மையத் தூரம் மாறாமலே ஆட்டம் குறையும். எந்தப் பக்கம் நகர்த்த வேண்டும் என்பதை மேனுவலைப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். கன்ட்ரோலில் பேக்லாஷ் காம்பென்சேஷன் எண்ணைக் கூட்டி விடுவது திசை மாறும்போது இருக்கும் இடப் பிழையைத்தான் மறைக்கும், கட்டர் தள்ளும்போது வரும் அதிர்வை மறைக்காது.

என் டேபிளில் ஷாஃப்ட் ஆட்டம் போனதுமே பாதிப் புகார் நின்றது. தேய்ந்த கால்வட்டத்தில் மட்டும் ஆட்டம் இன்னும் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாக வருகிறது, அதை எந்த ஸ்க்ரூவாலும் எடுக்க முடியாது. 8 இடத்து அளவுகளையும் பெயின்ட் மார்க்கரால் பேஸின் பக்கவாட்டில் எழுதிவைத்திருக்கிறேன். துல்லியமான வேலை வந்தால் பூஜ்யத்தை விட்டுவிட்டு 180லிருந்து தொடங்குமாறு வேலையைக் கட்டுகிறோம். அந்தப் பக்கத்துப் பற்கள் இன்னும் புதுசு மாதிரியே இருக்கின்றன. வேறு டேபிள் வாங்கும் பேச்சை அண்ணனும் இப்போதெல்லாம் எடுப்பதில்லை.